மாதா பெட்டியில் மிளகாய்க் கணக்கு

மியகாவ், இலோய்லோ
12 அக்டோபர் 1997, ஞாயிறு

அன்பு நெல்ஃபாவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் பாசிங் வீட்டில் இருந்தவர்கள்: ஒன்று, வீட்டுக்காரி பாசிங். இரண்டு, தெருவுக்கே மூத்த அக்காவான மனாங் பூரிங், கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். மூன்று, நம் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை திருமதி ஃபல்தாஸ், வழக்கம்போல் ஜன்னலோர நாற்காலியில். நான்கு, மீன்கூடையை வெளியே இறக்கிவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்த நிதா. ஐந்து, போன ஜூனில் கல்யாணமான ஜெம்மா. ஆறு, நடுமேஜையில் செபமாலை மாதாவின் சுரூபம். ஏழு, வாசற்படியில் நான், கையில் மறந்துபோன மெழுகுவர்த்திகளோடு. வேறு யாரும் இல்லை. பாசிங்கின் நாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு துல்லியமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்னும் ஒரு மாதத்தில் இந்தத் தெருவில் ஐம்பது பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள்.

நீ எனக்கு எட்டு மாதமாக எழுதவில்லை. உன் புது நாவலின் கையெழுத்துப் பிரதிக்கு நான் ஐந்துக்கு இரண்டு மிளகாய் என்று மதிப்பெண் போட்டதிலிருந்து எழுதவில்லை. நானும் எழுதவில்லை. எனக்கும் அப்பாவின் மூக்குதான் வாய்த்திருக்கிறது, கோபமும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இதை எழுத உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.

நடந்தது இது. சனிக்கிழமை ஆனதால், வாரம் ஒரு வீடாகப் போகும் மாதா என் வீட்டிலிருந்து பாசிங் வீட்டுக்குக் கிளம்பினாள். மழை இறங்கிவிடும்போல் இருந்தது. அவசரத்தில் மரப்பெட்டியின் அடியிலுள்ள இழுப்பறையைத் திறந்து பார்க்காமலே அனுப்பிவிட்டேன். நாவல்களுக்கு மிளகாய் போடும் என் நோட்டு அதற்குள்தான் இருக்கும் என்பது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது வருஷமாக நான்தான் செபமாலைத் தலைவி, பெட்டியின் சாவி என்னிடம், எனவே அதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு, நோட்டுக்கும் செபப் புத்தகத்துக்கும் ஒரே பங்குக்கோயில் நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தேன். மேலே மாதா படம் இருந்தால் என் வீட்டு ஆண்கள் பிரிக்க மாட்டார்கள் என்ற புத்திசாலித்தனம்.

சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு நான் மெழுகுவர்த்தி எடுக்க வீட்டுக்கு ஓடிய நேரத்தில், மனாங் பூரிங் மாதாவின் பட்டப்பெயர்களை அடுக்கும் மன்றாட்டுமாலையை ஆரம்பித்துவிட்டாள். இழுப்பறையில் மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, அந்த இழுப்பு ராகத்திலேயே படித்தாள். முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். நான் படித்த நாவல்களின் பட்டியல், எண் வரிசை இல்லாமல்.

"மூடுபனியின் ரோஜாவே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள் எல்லாரும்.

"பவழக் கோபுரமே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"தங்க மாளிகையின் கைதியே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இந்த முறை கொஞ்சம் சுருதி குறைந்தது.

"டாக்டரின் இரண்டாம் மனைவியே."

ஜெம்மா மட்டும் பதில் சொன்னாள். மற்றவர்கள் தலையைத் தூக்கிவிட்டார்கள். நான் படியேறியது அப்போதுதான். மனாங் பூரிங் ஏதோ ஒரு நடுப்பக்கத்தைத் திருப்பி, நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தாள்.

"எண் நாற்பத்தொன்று. மூடுபனியின் ரோஜா. சூடு, மிளகாய் ஒன்று. அவன் கேட்டானா, இல்லை. அவள் சிரித்தாளா, இல்லை. நான் நம்பினேனா, இல்லை. கதாநாயகனுக்கு ஆறடி உயரம், தோட்டம், குதிரை எல்லாம் இருக்கிறது. வாய்தான் இல்லை. நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதவைச் சாத்துகிறான், நூற்றிப் பதினைந்தாம் பக்கத்தில் அவள் அழுகிறாள். இதற்குப் பெயர் காதல் என்று ஆசிரியர் சொல்கிறார். நான் சொல்லமாட்டேன்... ஏம்மா, இது என்ன மாசத்துச் செபம்?"

"நிறுத்தாதீங்க மனாங், நூத்திப் பதிமூணுல என்ன ஆச்சு?" என்றாள் நிதா.

"போதும்" என்றாள் திருமதி ஃபல்தாஸ். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆண்ட குரல். நாய்கூட உட்கார்ந்துவிட்டது. "இது யாரோட நோட்டு?"

இந்தாய், தங்கச்சி, என் கையெழுத்து இந்தத் தெருவுக்கே தெரியும். ஞானஸ்நானப் பட்டியலிலிருந்து பூப்பறிக்கும் முறை வரை எல்லாம் நான் எழுதி ஒட்டியதுதான். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அது மரியாதை. நானும் வாயைத் திறக்கவில்லை. அது மரியாதை இல்லை. அதுதான் என்னைக் குடைகிறது.

திருமதி ஃபல்தாஸ் நோட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வரும் இருபத்தைந்தாம் தேதி, கடைசிச் சனிக்கிழமை, அடுத்த ஆண்டுக்குத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாள். அன்றைக்கு நான் எல்லார் முன்னிலும் "இது என்னுடையது இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு அவள் அதைப் பற்றிப் பிறகு பேசமாட்டாளாம். சொல்லாவிட்டால், இதை எழுதின கை மாதாவின் பெட்டியைத் தொடக்கூடாது என்று அவளே முன்மொழிவாளாம். போகும்போது என் காதருகில் சொன்னாள்: "ஹெர்மினியா, நான் உனக்கு வழிதான் விடறேன்."

ஏழு வருஷம், அறுபத்து மூன்று நாவல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். உன் பெயர் அதில் எங்கும் இல்லை, பயப்படாதே. அமாந்தா ரெய்னோசோ என்றுதான் இருக்கிறது. அது என் தங்கை என்று ஒருவருக்கும் தெரியாது.

என்ன செய்யட்டும்? யோசனை சொல். ஆனால் அந்த இரண்டு மிளகாயை மூன்றாக்கச் சொல்லாதே.

உன் அக்கா,
ஹெர்மினியா

*

கேசோன் சிட்டி
18 அக்டோபர் 1997

மனாங்,

உன் கடிதத்தைப் பேருந்தில் நின்றுகொண்டே படித்தேன். "டாக்டரின் இரண்டாம் மனைவியே" என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், முன்சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்.

பிறகு கோபம் வந்தது. எட்டு மாதம் கழித்து எழுதுகிறாய், எழுதும்போதும் அந்த இரண்டு மிளகாயைக் கையில் பிடித்துக்கொண்டே எழுதுகிறாய். உனக்குத் தெரியுமா, அந்தப் பிரதியை நான் நான்கு மாதம் தூங்காமல் எழுதினேன். ஆலமரம்போல் விழுதுவிடும் பலேத்தே மரத்துக்குள் வாழும் அரசன். முந்நூறு வயது, மேலுதட்டின் நடுவே பள்ளம் இல்லாதவன். நம் ஊர்க் கதைகளில் கேட்டதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவில் இருக்கிற பெண் படித்துவிட்டு விசிறிக்கொண்டாள். நீ என்ன எழுதினாய்? மனப்பாடமாக இருக்கிறது: "உதட்டில் பள்ளம் இல்லாதவனை முத்தமிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு வரி இல்லை. அதைச் சொல்ல மறந்தவள் எதற்கு அவனை அப்படிப் படைத்தாள்? ஒன்பதாம் அத்தியாயத்தில் கறுப்புச் சோற்றை அது என்னவென்று சொல்லாமலே ஊட்டுகிறான், அவள் வீடு திரும்பும் வழி அடைபடுகிறது, அதற்குப் பிறகுதான் படுக்கை. அவன் கேட்டானா, இல்லை. மிளகாய் இரண்டு."

உதட்டைப் பற்றிச் சொன்னது சரி. அதற்காகத்தான் இன்னும் அதிகமாகக் கோபம்.

ஆனால் ஒன்பதாம் அத்தியாயம் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்கள் பதிப்பாசிரியர் எப்போதும் சொல்வார்: "கேக்கற ஆம்பளை விக்கமாட்டான் நெல்ஃபா. அவன் கேட்டுட்டு நின்னா சூடு ஆறிப்போயிடும்." இருபத்து மூன்று நாவல் எழுதிவிட்டேன். என் கதாநாயகர்களில் ஒருவன்கூடக் கேட்டதில்லை. எல்லாம் விற்றன. நீ மியகாவில் உட்கார்ந்துகொண்டு நோட்டில் ஒரு கட்டம் போட்டுவிட்டாய், அவள் சம்மதத்தை "அவன் கேட்டானா" என்று. உன் ஒருத்திக்காக நான் அதை மாற்ற வேண்டுமா?

சரி, அது இருக்கட்டும். இப்போது நடக்க வேண்டியதைப் பார்.

நோட்டு என்னுடையது என்று சொல்லிவிடு. நான் போன தடவை வந்தபோது விட்டுவிட்டுப் போனேன் என்று சொல். நம் இருவர் கையெழுத்தும் ஒன்றுபோல்தான், ஒரே கன்னியாஸ்திரீதான் இருவருக்கும் விரலில் அடித்தார். திருமதி ஃபல்தாஸ் தலையாட்டுவாள்: "அந்தப் பொண்ணு அப்பவே அப்படித்தான்" என்பாள். எனக்கு என்ன போகிறது? நான் ஊருக்கு வருவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இங்கே வாடகை வீட்டுக்காரியிடம் வங்கியில் தட்டச்சு வேலை என்று சொல்லியிருக்கிறேன், அங்கே இன்னொரு பெயர் சேர்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. உனக்கு அப்படியில்லை. அந்தத் தலைவி வேலையை எடுத்துவிட்டால் நீ சனிக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு பொய், மனாங். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் முடிந்தது.

நெல்ஃபா

(மூடுபனியின் ரோஜாவை எழுதியதும் நான்தான். வேறொரு பெயரில். "வாய்தான் இல்லை" என்றாயே, அது உனக்கு எப்படித் தோன்றியது?)

*

மியகாவ்
23 அக்டோபர் 1997, வியாழன்

அன்பு இந்தாய்,

உன் பொய்யை நன்றியோடு திருப்பி அனுப்புகிறேன். அது எனக்கு அளவாக இல்லை.

மூடுபனியின் ரோஜா உன்னுடையது என்பதை நான் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தக் குதிரைக்காரன் அவித்த வாழைப்பழத்தை உப்பில் தொட்டுத் தின்கிறான். உலகத்தில் அப்படித் தின்றவர் நம் அப்பா ஒருவர்தான். மிளகாயை மாற்றமாட்டேன். வாழைப்பழத்துக்காக ஒரு நட்சத்திரம் போடலாம், ஆனால் என் நோட்டில் நட்சத்திரத்துக்குக் கட்டம் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன்னிடம் நேரில் சொன்னால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், அதனால் எழுத்தில்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நீ மணிலாவில் படித்தாய், படிக்க வேண்டியவள்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் மூன்று பிள்ளைகள் பெற்று, மாமியாரைப் பார்த்து, காலை நான்கரைக்கு என் வீட்டுக்காரர் டொரோத்தேயோவின் சவாரி ஜீப்னிக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பி, இந்த வீட்டில் உப்பிலிருந்து தாலாட்டு வரை எல்லாவற்றையும் எழுதிவைத்து நடத்தினேன். நாற்பத்து நான்கு வயதில் சந்தைக்கடையில் வாடகைக்கு ஒரு நாவல் எடுத்தேன். படித்து முடித்ததும் எனக்கு ஒரு கருத்து இருந்தது. நெல்ஃபா, அதுவரை எனக்குப் பொறுப்பு இருந்தது, கடமை இருந்தது, செபம் இருந்தது. கருத்து இருந்ததில்லை. எழுதிவைக்காவிட்டால் ஆவியாகிவிடுமோ என்று பயந்து நோட்டை எடுத்தேன்.

சூடான பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படிக்கிறேன் என்று சொல்கிற பெண்களை நான் நம்புவதில்லை. நான் தாண்டமாட்டேன். அந்தப் பக்கங்களில்தான் எழுதுகிறவளின் யோக்கியதை தெரியும். மற்ற பக்கங்களில் எல்லாரும் நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள். அங்கேதான் அவன் அவளை ஒரு ஆளாக நினைக்கிறானா, பலகாரமாக நினைக்கிறானா என்று வெளியே வருகிறது. நகரத்துக் கதையானாலும் சரி, மரத்துக்குள் அரசன் இருக்கிற கதையானாலும் சரி. சிறகு முளைத்தவன், முந்நூறு வயதானவன், மின்னலைக் கையில் பிடிக்கிறவன், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். "உனக்குச் சம்மதமா" என்று கேட்கத் தெரியாதவனுக்கு மின்னல் எதற்கு? அவள் கைகள் ஏன் எல்லா நாவலிலும் மிருதுவாகவே இருக்கின்றன? துணி துவைப்பது யார்? அவள் ஏன் சிரிப்பதே இல்லை? அந்த நேரத்தில் சிரிப்பு வராதவர்களுக்குக் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதில் மாதாவுக்கு விரோதமாக என்ன இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வானதூதர் மாதாவிடம் வந்து மகன் பிறப்பான் என்ற செய்தியைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் வாய்திறந்து "ஆகட்டும்" என்று சொல்லும்வரை காத்துக்கொண்டிருந்தார். கடவுளே ஒரு பெண்ணின் பதிலுக்குக் காத்திருந்தார். உன் பதிப்பாசிரியரால் முடியாதா?

டொரோத்தேயோவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். வேறொருவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்வது மேல். அவர் கருவாட்டை வாயில் வைத்தபடியே கேட்டார். பிறகு:

"அந்த நாப்பத்தொண்ணு நம்பர் ஆளு நானா?"

"இல்லைங்க. அவனுக்குக் குதிரை இருக்கு."

"கேட்டானான்னு ஒரு கட்டம் இருக்குன்னியே. நான் கேட்டேனா?"

"கேட்டீங்க. அரிசி மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டே கேட்டீங்க. நான் பதில் சொல்லாம நின்னேன், நீங்களும் மூட்டையை இறக்காம நின்னீங்க."

"ஐம்பது கிலோ" என்றார். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். திரும்பி வந்து, "எத்தனை மிளகாய்?" என்றார். நான் சொல்லவில்லை. உனக்கும் சொல்லமாட்டேன்.

நாளை மறுநாள் சனிக்கிழமை. நோட்டு என்னுடையது. செபமாலைக் குழுவின் மற்றப் பதினோரு பேர் முன்னால் சொல்லப்போகிறேன். தலைவி வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அது போனால் எனக்கு வலிக்கும். ஆனால் என் வாழ்க்கையில் நானாக யோசித்து எழுதியது இது ஒன்றுதான். அதை உனக்குக்கூடக் கொடுக்கமாட்டேன்.

உன் அக்கா,
ஹெர்மினியா

*

கேசோன் சிட்டி
29 அக்டோபர் 1997

மனாங்,

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்ன ஆயிற்றோ தெரியாமல் எழுதுகிறேன். நீ வாசற்படியில் நிற்பதுபோலவே கண்ணில் தெரிகிறது.

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. வேலை என்றால், நான் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவது. நேற்று அங்கேயும் போகவில்லை, கடைவீதிக்குப் போனேன். புத்தகக் கடையில் ஒரு பெண், தாதியர் சீருடையில், என் கடைசி நாவலைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "இவ எழுதினா நல்லாத்தான் இருக்கும்டி. ஆனா வீட்டுக்குக் கொண்டுபோனா அட்டையைக் கிழிச்சுட்டுத்தான் கொண்டுபோகணும்." நான் அவளுக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தேன், மனாங். நான்தான் என்று சொல்லவில்லை. அவள் மறைக்கிறாள், நானும் மறைக்கிறேன். நீ மட்டும் அங்கே பதினோரு பேர் முன்னால் எழுந்து நின்றிருக்கிறாய், அதுவும் ஒரு வரிகூட விற்காத நோட்டுக்காக.

எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமை உன்னைப் பற்றி. வெட்கம் யாரைப் பற்றி என்று எழுதத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் அத்தியாயத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். இத்துடன் இருக்கிறது, பதினான்கு பக்கம். இப்போது அவன் சோற்றுத் தட்டைத் தன் கையாலேயே தள்ளிவைக்கிறான். "இது கறுப்புச் சோறு. இதைத் தின்றால் நீ உன் வீட்டுக்குத் திரும்ப முடியாது. இங்கே யாரும் இதை முதலில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். கதவு அங்கே இருக்கிறது, திறந்துதான் இருக்கிறது" என்கிறான். அதன் பிறகு அவன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். இதைச் சும்மா எழுதிப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அவன் அப்படி நின்றவுடன், அவள் அந்தத் திறந்த கதவைப் பார்த்து, பிறகு அவனைப் பார்த்து, எழுந்து நடந்து வருகிறாளே, அந்த நான்கு அடி தூரத்தை எழுதும்போது எனக்கே காது சூடாகிவிட்டது. இருபத்து மூன்று நாவலில் அப்படி ஆனதில்லை. பதிப்பாசிரியர் சொன்னது தவறு. கேட்டால் ஆறுவதில்லை.

அவள் சிரிக்கவும் சிரிக்கிறாள். உதட்டில் இல்லாத பள்ளம் எங்கே என்று விரலால் தேடும்போது. படித்துப் பார்.

பதிப்பாசிரியரிடம் நாளை கொடுக்கப்போகிறேன். அவர் வேண்டாம் என்றால் வேறு இடம் தேடுவேன்.

சனிக்கிழமை என்ன ஆயிற்று? யார் யார் இருந்தார்கள்? உன் வழக்கப்படி எண் போட்டு எழுது.

நெல்ஃபா

*

மியகாவ்
4 நவம்பர் 1997, செவ்வாய்

அன்பு நெல்ஃபாவுக்கு,

இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். உனக்குத் தெரிந்த ஐந்து பேர், கீழத்தெருவிலிருந்து வந்த ஆறு பேர், நான். மாதாவோடு பதின்மூன்று. இந்த முறை மனாங் பூரிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "அன்னைக்கு நான் சரியாவே படிக்கலையாம், இன்னைக்கு முழுசா படிக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

செபமாலை முடிந்தது. திருமதி ஃபல்தாஸ் நோட்டை மேஜைமேல் வைத்தாள். "யாருடையது?" என்று கேட்டு முடிக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன். நன்றாகத் தயார்செய்து வைத்திருந்த பேச்செல்லாம் பறந்துபோயிற்று. "என்னுது. எல்லாப் பக்கமும் என்னுது. எந்தக் கருத்தையும் திரும்ப வாங்கமாட்டேன்" என்றேன்.

திருமதி ஃபல்தாஸ் நோட்டைத் திறந்தாள். இந்தாய், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. இரண்டு வாரமும் உட்கார்ந்து திருத்தியிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவள் படித்தது இது: "எண் இருபத்தொன்பது, பவழக் கோபுரம். நீ மூணு மிளகாய் போட்டிருக்கே. தப்பு. கடைசி அத்தியாயத்துல மாடிப்படி இருக்கு, அதுக்கே இன்னொண்ணு சேர்க்கணும்."

பாசிங் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கதை உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றாள் நிதா. இந்தத் தெருவில் அதைக் கேட்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான்.

"பத்து வருஷமா பொண்ணுங்க பையிலேர்ந்து பிடுங்கினதெல்லாம் எங்க போயிருக்கும்னு நினைச்சே? ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. பிடுங்கினது என்னன்னு தெரிஞ்சுக்காம பெத்தவங்ககிட்ட எப்படிப் புகார் பண்றது?" முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

நிதா மீன்காரி சிரிப்புச் சிரித்தாள். பாசிங் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் திருமதி ஃபல்தாஸ் கையைத் தூக்கினாள்.

"நோட்டு பத்தி எனக்கு ஒண்ணும் இல்லை. கருத்து சொல்ல உனக்கு உரிமை இருக்கு, பாதி சரியாத்தான் சொல்லியிருக்கே. ஆனா ஹெர்மினியா, மாதாவோட இழுப்பறை உன் ஒளிச்சுவைக்கிற இடம் இல்லை. ஒன்பது வருஷமா சாவி உன்கிட்ட இருந்ததால அது உன்னோடதுன்னு நினைச்சுட்டே. அதுக்கு ஒரு வருஷம் தலைவி வேலை கிடையாது."

நெல்ஃபா, அவள் சொன்னது சரி. நோட்டுக்காக என்றால் நான் சண்டை போட்டிருப்பேன். இழுப்பறைக்காக என்றால் அது நியாயம். சாவியைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் பாசிங்தான் தலைவி. வலிக்கத்தான் செய்தது, வலிக்காது என்று நான் எப்போதும் சொல்லவில்லை. ஆனால் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அதை எதற்குள்ளும் ஒளித்துவைக்கவில்லை. மாதா படம் போட்ட அட்டையைப் பிரித்து எடுத்தேன். இப்போது சமையலறை அலமாரியில் மளிகைக் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு ஒரு முடிவும் எடுத்தார்கள்: அடுத்த அக்டோபரில் மாதா முதலில் வரும் வீடு என் வீடு.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். எல்லாரும் கிளம்பிய பிறகு ஜெம்மா பின்னாலேயே வந்தாள். "மனாங், அந்தக் கேட்டானா கட்டத்தை நான் வீட்டுல ஒரு தாள்ல எழுதி என் வீட்டுக்காரர் கண்ணுல படற மாதிரி வச்சேன்" என்றாள். "என்ன சொன்னாரு?" என்றேன். "ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் கேட்டாரு" என்றாள். முகம் சிவந்து, ஓடிவிட்டாள். உன் அறுபத்து மூன்று நாவல்களுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான். ஆமாம், அறுபத்து மூன்றும் உன்னுடையது இல்லை, தெரியும். பேச்சுக்குச் சொன்னேன்.

உன் ஒன்பதாம் அத்தியாயம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். என் கருத்து இதோ.

எண் அறுபத்து மூன்று, திருத்திய பிரதி. அவன் கேட்டானா: கேட்டான், அதுவும் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்டான். அவள் சிரித்தாளா: சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. நான் நம்பினேனா: அந்த நான்கு அடி தூரத்தை அவள் நடந்தபோது, நான் அடுப்பில் சோறு வைத்ததை மறந்தேன். தீய்ந்துவிட்டது. டொரோத்தேயோ, "இன்னைக்கு நம்ம வீட்டுலயும் கறுப்புச் சோறா?" என்றார். சூடு: மிளகாய் நான்கு. ஐந்து இல்லை. ஐந்தாவதை நான் யாருக்கும் போட்டதில்லை, போடப்போவதும் இல்லை, அது ஏன் என்று டொரோத்தேயோவைக் கேள்.

ஒரே குறை. முதல் பக்கத்தில் "அமாந்தா ரெய்னோசோ" என்று தட்டச்சு செய்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்தேன். மழையில் பெயர் மங்கிப்போயிருந்தது. சின்னத் தூரிகையால் ஒவ்வொரு எழுத்தாகக் கறுப்புப் பூசினேன். மோந்தியெல், நம் குடும்பப் பெயர். இப்போது தெருவிலிருந்தே படிக்கலாம். பூசிக்கொண்டிருக்கும்போது திருமதி ஃபல்தாஸ் பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்தாள். நின்று பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி நெல்ஃபா பள்ளிக்கூடத்துலயே நல்லா கட்டுரை எழுதுவா. இப்ப என்ன பண்றா?" என்றாள். "எழுதறா" என்றேன். "என்ன எழுதறா?" என்றாள். நான் தூரிகையைத் தோய்த்துக்கொண்டே, "அதை அவதான் சொல்லணும்" என்றேன்.

சொல்ல வேண்டியது நீதான், இந்தாய். நான் சொல்லமாட்டேன், உன் பெயர் உன்னுடையது. ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, இங்கே பத்துப் பேர் அந்த மரத்தரசன் கதை எப்போது வருமென்று கேட்கிறார்கள். திருமதி ஃபல்தாஸ் கேட்கவில்லை, டிரங்குப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

புத்தகம் வரும்போது அட்டையில் எந்தப் பெயர் இருக்கும்? சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
ஹெர்மினியா